தெய்வானையின் கொம்பு

அலுவலக ஆவணங்களை அழிப்பதற்கு ஒரு விதி உண்டு. அழிக்கப்போவதை முதலில் பட்டியலிட வேண்டும். பட்டியலைத் தயாரித்தவர் அல்லாத இன்னொருவர் அதை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். பொறுப்பான அதிகாரி கையெழுத்திட வேண்டும். அதன் பிறகுதான் தீக்குச்சி. பணிக்காலம் முழுவதும் ஆவணக் காப்பறையில் தூசி தின்றவன் என்பதால் இந்த விதி எனக்கு மனப்பாடம். ஆனால் அது ஒரு வரி விடாமல் பின்பற்றப்பட்டதை ஒரே ஒரு முறைதான் கண்ணால் பார்த்தேன். அதுவும் ஓய்வு பெற்ற பிறகு, திருத்தணியில் ஒரு ஜெராக்ஸ் கடையில், மொட்டைத் தலையில் சந்தனம் காயாத ஒரு பெண்மணியின் தயவில்.

போன ஆடிக் கிருத்திகை முடிந்து, காவடிக் கூட்டம் கலைந்து, ஊர் மூச்சு விட்டுக்கொண்டிருந்த வாரம் அது. பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு பெண் ஜெராக்ஸ், டைப்பிங், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாமாக ஒரு கடை வைத்திருக்கிறார். காலையில் செய்தித்தாள் படிக்க நான் அங்கேதான் போவேன். அதற்குப் பதிலாக, கடைக்கு வருகிறவர்களின் மனுக்களில் 'பொருள்', 'பார்வை' என்பவற்றைச் சரியான இடத்தில் போட்டுத் தருவேன். இந்த ஊரில் நியாயமான கோரிக்கை உள்ளவர்கள் நிறையப் பேர். அதைச் சரியான வரியில் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு.

கடைக்காரம்மாவின் கணவருக்குக் கே.ஜி.கண்டிகைப் பக்கம் விசைத்தறி. புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். கல்யாணச் சேலையின் முந்தானை ஓரத்தில் மாப்பிள்ளை, பெண் பெயரைத் தமிழில் நெய்து கொடுப்பது. அதற்கான எழுத்துகளைக் கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டத்துக்கு ஓர் இழை என்று கணக்கு வைத்து, அந்தம்மாவே வரைந்தார். பிறகு யாரிடமோ கேட்டு, எதையோ பார்த்து, அந்த எழுத்துகளைக் கணினியில் தட்டச்சு செய்யக்கூடிய ஃபான்ட்டாகவே ஆக்கிவிட்டார். பெயரை அடித்தால் போதும், தறிக்குப் போக வேண்டிய கட்டப்படம் தயார். அந்தக் கோப்புக்கு 'சேலை' என்று பெயர் வைத்திருந்தார். உலகத்தில் அதற்கு வேறு பிரதி கிடையாது. நகல் எடுத்துப் பிழைக்கும் கடையில் நகல் எடுக்காத ஒரே பொருள் அதுதான்.

பெயர் நெய்யக் கையால் இழை தூக்குவதைத் தறியே செய்ய, தறியின் மேலே ஒரு மின்னணுக் கருவி பொருத்த வேண்டும். அதற்கு அரசு உதவி தருகிறது. விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். திருட்டு மென்பொருள் கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. அதற்காகக் கடைக் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட வைத்ததும் நான்தான். நிபந்தனை என்று ஒன்று இருந்தால் அதை நிறைவேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் நம்மை நிராகரிக்க அவர்களுக்கு யோசிக்கவே தேவையில்லாமல் போய்விடும்.

அதிகாரி நேரில் வந்து, தாம் சொல்லும் பெயரைக் கணினியில் போட்டுக் காட்டச் சொல்வார். சரியாக வந்தால் பரிந்துரை. பார்வையிட வரும் நாளை முன்கூட்டி எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அவர்களுடைய சுற்றறிக்கையே சொல்கிறது. எங்களுக்குத் தெரிந்தது அன்று காலை தொலைபேசியில். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறாராம்.

கடைக்காரம்மா உடனே 'சேலை'யில் ஒரு பெயரை அடித்துப் பார்த்தார். பெயரில் கொம்பு கோணியிருந்தது. 'தே' என்று எழுதினால் கொம்பு முன்னால் நிற்க வேண்டும், த பின்னால் வர வேண்டும். திரையிலோ த முதலில் வந்துவிட்டது. கொம்பு அதன் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. கொம்பாக இருக்க வேண்டியது வாலாகிவிட்டது. போன மாதம் வரை இப்படி இல்லை என்றார். ஊரில் இன்னொரு அச்சுக் கடையை மூடிக்கொண்டு போனவர், தம்மிடம் இருந்த ஃபான்ட்டுகளையெல்லாம் ஒரு பென் டிரைவில் இவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதைப் போட்ட நாளிலிருந்து கணினியும் மெதுவாகிவிட்டது, கொம்பும் வாலாகிவிட்டது. தமிழும் தெலுங்குமாக அவ்வளவு கோப்புகள். அவை இருக்கும் இடத்தைத் திறந்தாலே திரை உறைந்து நின்றது. கையால் பொறுக்கி எடுக்க வழியில்லை.

ஒரே ஒரு அடையாளம் இருந்தது. அந்த மனிதர் தம் கோப்புகள் எல்லாவற்றின் பெயருக்கும் முன்னால் 'டி.டி.' என்று ஆங்கிலத்தில் இரண்டெழுத்து ஒட்டி வைத்திருந்தார். திருத்தணியின் சுருக்கம். ஊர்ப்பற்று.

கடைக்காரம்மா தம் பாவாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, தொலைபேசினார். பெங்களூரில் கணினி வேலையில் இருப்பவர். அவர் ஏதோ கூட்டத்துக்கு நடுவில், கறுப்புத் திரையில் அடிக்க வேண்டிய ஒரு வரியைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஃபான்ட் இருக்கும் இடத்தில் தேடு, பெயரில் 'டி.டி.' உள்ளதையெல்லாம் எடு, அழி. இதுதான் அந்த வரியின் பொருள். 'டி.டி.'க்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி, பின்னால் ஒரு நட்சத்திரக் குறி.

நட்சத்திரம் என்றால் அந்த இடத்தில் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அர்த்தமாம். எனக்கு உடனே புரிந்தது. அரசாணைகளில் 'மற்றும் இதர' என்று வரும். அதன் வாய்க்குள் போகாத பொருளே கிடையாது. இந்த நட்சத்திரம் அந்த 'இதர'வுக்கு அண்ணன்.

"பாவா சொல்லச் சொல்ல அப்டியே அடிச்சிகினு வந்துட்டேன் சார். ஒரு தட்டு தட்டினா குப்பையெல்லாம் பூடும்" என்றார் கடைக்காரம்மா.

தட்டுங்கள் என்று நானும் சொன்னேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாரி எந்த நேரமும் வரலாம் என்ற கவலை. விதி மனப்பாடமாக இருப்பதற்கும் அது வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வருவதற்கும் சம்பந்தமில்லை.

அப்போதுதான் கல்லாப்பெட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, அந்தக் கைய அப்டியே மேல தூக்கிக்கோ. எண்டர் பக்கம் போவாத."

திரும்பினோம். ஐம்பதை ஒட்டிய வயதில் ஓர் அம்மா. மலையில் மொட்டை போட்டுக்கொண்டு நேராக வந்திருக்கிறார். தலை முழுக்கச் சந்தனம், காதோரம் வழிந்து காய்ந்துகொண்டிருந்தது. கையில் அடையாள அட்டை. தங்கிய விடுதியில் நகல் கேட்டார்களாம், கொடுத்துவிட்டுத் திருப்பதி பேருந்தைப் பிடிக்க வேண்டும். பிறந்த ஊர் நகரிப் பக்கம், நெசவு வீடு. இப்போது சென்னையில் ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் அவர் யாரோ. கடைக்காரம்மா கையைத் தூக்கியபடியே, யாரும்மா நீ என்று கேட்டார்.

"ஜெராக்ஸுக்கு வந்தவ. ஆனா நீ கடைசியா அடிச்சி வெச்சிருக்கியே, டிலீட்டுனு, அவன் எனக்கு ரொம்ப நாள் பழக்கம்."

கேட்காமலே உள்ளே வந்தார். இன்னொரு நாற்காலி இல்லை, என் நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். என்னை நைனா என்றுதான் கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் அப்பனைக் கூப்பிடுகிற சொல். எனக்கும் அவருக்கும் அப்பன், மகள் வயது வித்தியாசம் இல்லை. நான் திருத்தவில்லை.

அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் இல்லை. தம் அலுவலகத்தில் தம்மைப் போல அழித்தவர்கள் யாருமே கிடையாது என்று பெருமையாகச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் தெரியாமல் ஓர் இடைவெளி விட்டுத் தட்டியதில், ஒரு பிரிவின் கோப்புகள் அத்தனையும் போய்விட்டனவாம். மேலதிகாரி கத்தக்கூட இல்லையாம், தண்ணீர் கேட்டாராம். அன்றிலிருந்து ஒரு பழக்கம். அழிக்கச் சொல்லும் வரியை அடித்தால், முதலில் அதில் உள்ள 'அழி' என்ற சொல்லை எடுத்துவிடுவது. அப்போது கணினி எதையும் அழிக்காது. எதையெல்லாம் அழித்திருக்குமோ அவற்றின் பெயர்களை மட்டும் வரிசையாகக் காட்டும்.

"மொதல்ல யார் யார் போறாங்கன்னு பாப்போம். அப்புறம் அனுப்பி வெப்போம்" என்றார்.

பட்டியல். நான் நிமிர்ந்து நின்றுவிட்டேன். முப்பது வருடம் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத சொல், யாரும் கேட்காமலே ஒருவர் வாயிலிருந்து வருகிறது.

கடைசிச் சொல்லை எடுத்துவிட்டுத் தட்டினார். பெயர்கள் ஓட ஆரம்பித்தன. ஓடின, ஓடின, நிற்கவே இல்லை. கடைக்காரம்மாவின் பழைய ஃபான்ட்டுகள், தெலுங்குப் பத்திரிகைக்கு வைத்திருந்தவை, 'டி.டி.' ஒட்டாத எதெதுவோ எல்லாம் ஓடின. ஓட்டம் நின்றபோது கடைசி வரியில் இருந்தது 'சேலை'.

கடைக்காரம்மா அந்த வரியை விரலால் தொட்டார். பிறகு மெதுவாக, "இதுக்கு முன்னால டி.டி. நான் போடலையே. இது எப்டி வந்துச்சி?" என்றார்.

"முன்னால போடல. பின்னால பாரு. ஃபான்ட்டுனா அது பேரு இன்னான்னு முடியும்? டி.டி.எஃப். அதுல ரெண்டு டி இருக்குதா இல்லியா? நீ ரெண்டு பக்கமும் நட்சத்திரம் வெச்சிகினு டி.டி.ய தேடுனா, உங்க ஊரு எல்லாத்தோட வாலுலயும் இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருந்தபோதே முதுகில் வியர்த்தது. ஒரு தட்டு. நான்தான் தட்டச் சொன்னேன். கட்டம் கட்டமாக வரைந்த எழுத்துகள் அத்தனையும், தறிக்கு வரவிருந்த கருவியும், அந்த ஒரு தட்டில் போயிருக்கும். ஊரின் சுருக்கமும் ஒரு கோப்பு வகையின் பெயரும் ஒன்றாக அமைந்த பாவத்துக்கு. வேறு எந்த ஊர்க்காரருக்கும் இந்த விபத்து நேர்ந்திருக்காது.

சந்தனத் தலையம்மா முன்னால் இருந்த நட்சத்திரத்தை மட்டும் எடுத்தார். இப்போது வரியின் பொருள் மாறிவிட்டது. 'டி.டி.' என்று தொடங்குகிறவை மட்டும், நடுவிலும் கடைசியிலும் இருப்பவை வேண்டாம். மறுபடி 'அழி' இல்லாமலேயே தட்டினார். இந்த முறை முன்னதைவிடச் சிறிய பட்டியல்.

"நைனா, நீ படி. அக்கா, நீ கேட்டுகினே இரு. ஒண்ணு உன்னோடதுனு தோணினாலும் சொல்லு."

தயாரித்தவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர், ஒப்புதல் தருபவர் மூன்றாமவர். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வருகைப்பதிவு வாசிப்பதுபோல ஒவ்வொரு பெயராக வாசித்தேன். கடைக்காரம்மா ஒவ்வொன்றுக்கும் போகட்டும், போகட்டும் என்றார். நகல் எடுக்க வந்த ஒருவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, இங்கே ஏதோ ஏலம் நடக்கிறது என்று நினைத்துப் போய்விட்டார். இதற்கிடையில் பேருந்து நிலையத்திலிருந்து சந்தனத் தலையம்மாவின் கணவர் தெலுங்கில் தொலைபேசியபடி இருந்தார். பேருந்து கிளம்புகிறது என்கிறார் போலிருக்கிறது. இந்தம்மா நிதானமாக, அடுத்ததுக்கு என்று சொல்லி வைத்தார்.

பட்டியலின் நடுவில் 'டிடிசேலை' என்று வந்தது.

கடைக்காரம்மா சட்டென்று அந்தம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "அது வேணாம். அது என்னோட பேரு" என்றார்.

"ஆங். அதுக்குத்தான் படிக்கச் சொன்னது. இப்ப சொல்லு, உன்னோடது சேலையா, டிடிசேலையா?"

சேலைதான். அப்படியானால் இது யார்? இரண்டு கோப்புகளின் தேதியையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். 'டிடிசேலை' பழையது. அப்போதுதான் கடைக்காரம்மாவுக்கு நினைவு வந்தது. ஃபான்ட்டை முதன்முதலில் செய்தபோது, பாதி வேலையில், அந்த அச்சுக் கடைக்காரர் ஒரு பேனருக்காக இரவல் கேட்டார். கொடுத்தார். அவர் வழக்கம்போல முன்னால் 'டி.டி.' ஒட்டி வைத்துக்கொண்டார். கடையை மூடும்போது, கூட்டத்தோடு கூட்டமாக அதுவும் திரும்பி வந்துவிட்டது. வெளியே கோப்பின் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே ஃபான்ட்டின் பெயர் ஒன்றுதான்.

"ரெண்டு பேரும் ஒரே பேரு சொல்லிகினு வாசல்ல நிக்கிறாங்க. மிஷினு பழையவன உள்ள கூட்டிகினு போயிடுச்சி" என்று விளக்கினார் சந்தனத் தலையம்மா. அந்தப் பாதி வேலைப் பிரதியில் கொம்பை முன்னால் கொண்டுவரும் ஏற்பாடு இல்லை. கடைக்காரம்மா அதைப் பிறகுதான் செய்தார்.

எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பாதிப் பிரதியைப் பேனருக்குக் கொடுத்தபோது சரியாக இருந்ததா என்று பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தாராம், நன்றாகத்தான் வந்ததாம். என்ன எழுதிப் பார்த்தாய் என்று கேட்டார் சந்தனத் தலையம்மா.

"இன்னா எழுதுவாங்க. திருத்தணி, முருகன், வள்ளி."

அந்தம்மா நாற்காலியில் பின்னால் சாய்ந்து, சந்தனம் உதிர உதிரச் சிரித்தார். "மூணுத்துல ஒண்ணுத்துக்காவது கொம்பு இருக்குதா? தெய்வானைய ஒருத்தரும் கூப்புடலையே அக்கா."

எழுதிப் பாருங்கள். திருத்தணி, முருகன், வள்ளி. எந்த எழுத்துக்கும் முன்னால் ஒன்றும் இல்லை. தெய்வானை என்று எழுதினால்தான் முதல் எழுத்துக்கு முன்னால் கொம்பு, கடைசி எழுத்துக்கு முன்னால் இன்னொன்று. வள்ளியைக் கல்யாணம் செய்துகொண்ட ஊர் என்பதால் இங்கே எல்லோரும் வள்ளியிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். பெரிய வீட்டுப் பெண்ணைக் கேட்பாரில்லை. அவள் தன் கொம்பைக் காட்டிவிட்டாள்.

கடைக்காரம்மா, இப்போது அழித்துவிடலாமா என்றார். அந்தம்மா அப்போதும் அழிக்கவில்லை. ஓரமாக ஒரு பெட்டி உண்டாக்கி, 'டி.டி.' என்று தொடங்கியவற்றையெல்லாம் அதற்குள் நகர்த்தினார். ஃபான்ட் பட்டியலைப் புதுப்பிக்க ஒரு வரி. பிறகு 'சேலை'யில் தெய்வானை என்று அடிக்கச் சொன்னார். கொம்பு முன்னால் வந்து நின்றது. தாளில் எடுத்துப் பார்த்தோம், அங்கேயும் நின்றது. 'சேலை'க்குப் பென் டிரைவில் ஒரு பிரதி, தம் கைப்பையில் இருந்த இன்னொரு பென் டிரைவில் ஒரு பிரதி. அதைக் கழற்றிக் கடைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டார். அதற்கும் பிறகுதான் நாற்காலியை நகர்த்தினார்.

"இப்ப நீ தட்டு. உன் வூட்டுக் குப்ப, உன் கையாலதான் போவணும்."

கடைக்காரம்மா தட்டினார். ஒரு சத்தமும் இல்லை, புகையும் இல்லை. கறுப்புத் திரையில் அடுத்த வரி துடித்துக்கொண்டு நின்றது. நான் பார்த்ததிலேயே முறைப்படி நடந்த ஆவண அழிப்பு அதுதான்.

தொலைபேசி மறுபடி அடித்தது. அந்தம்மா எழுந்து, கொடுக்க வந்த எதையும் வாங்காமல், சந்தனம் ஒட்டிய முழங்கையைத் துடைத்துக்கொண்டு பேருந்து நிலையம் பக்கம் விறுவிறுவென்று போய்விட்டார். எதற்காகக் கடைக்கு வந்தாரோ அந்த நகலை, இடையில் கடைக்காரம்மா எடுத்து வைத்ததை, எந்திரத்தின் தட்டிலேயே விட்டுவிட்டார். நான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஓடினேன் என்பது கொஞ்சம் மிகை. போய்ச் சேர்ந்தபோது திருப்பதி பேருந்தின் பின்பக்கம்தான் தெரிந்தது. ஆகவே அவர் பெயர் எனக்குத் தெரியும். அடுத்தவர் அடையாள அட்டையின் நகலை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் தெரியும். கடைக்குத் திரும்பி, கடைக்காரம்மாவும் நானுமாகச் சரிபார்த்து, கிழித்துவிட்டோம்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வரவில்லை, ஆனால் வந்தார். மாப்பிள்ளை, பெண் பெயர் எதுவும் கேட்கவில்லை. தம் அப்பா, அம்மா பெயரைப் போடச் சொன்னார். அம்மாவின் பெயர் கொம்பில்தான் தொடங்கியது. கடைக்காரம்மாவின் விரல் ஒரு நொடி தயங்கியது. அடித்தார். கட்டம் கட்டமாக அந்தப் பெயர் திரையில் விரிந்தது, கொம்பு முன்னால், நிமிர்ந்து. அதிகாரி குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு பிரதி எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். குறிப்பேட்டில் அவர் என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க நான் முயன்றேன், முடியவில்லை.

அதன் பிறகு எல்லாம் வழக்கப்படி. பதில் இல்லை. நினைவூட்டல் எழுதினோம். நினைவூட்டலை நினைவூட்டி எழுதினோம். கடைக்காரம்மா கேட்பதை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை, எனக்கு வேறு வேலையும் இல்லை.

பதில் வந்த அன்று படித்திருவிழா, வருடத்தின் கடைசி நாளில் மலைப்படிகளுக்குப் பூஜை செய்யும் விழா. கடைக்கு வெளியே மலையை நோக்கிக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. உறையைப் பிரித்து வாசித்தேன். உதவி அனுமதிக்கப்பட்டிருந்தது. கடைக்காரம்மா கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு சிரித்தார். என்ன என்றேன். விரல் வைத்துக் காட்டினார். கடிதத்தின் மேலே 'தேதி' என்று அச்சிட்ட இடத்தில், த முதலில் நின்றது, கொம்பு பின்னால் வாலாகத் தொங்கியது.

இப்போதெல்லாம் கைப்பேசியில் ஒரு பழைய படத்தை அழிப்பதென்றாலும், அந்தச் சந்தனத் தலையை நினைத்துக்கொண்டு, போகப்போவது எது என்று ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் தொடுகிறேன். விதியை எழுதியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்காக ஒரு பேருந்தை விட்டவர் அவர் ஒருவர்தான். அன்று அந்தக் கடிதத்தில் தேதி என்ற சொல் கோணியிருந்ததால், ஓரத்தில் பேனாவால் நானே கொம்பை முன்னால் போட்டு எழுதி வைத்தேன்: பெற்ற தேதி, டிசம்பர் 31.